அரைக் கிலோ குதிரை: ஒரு பங்குக்காரனின் விமர்சனம்

திருகோணமலையில் போட் எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவன் மெல்பேர்னில் ஓடும் ரேஸ் குதிரைக்குப் பங்குக்காரன் என்று சொன்னால் சிரிப்பு வரும். சிரியுங்கள், என் மனைவி இரண்டு வருடத்துக்கு மேலாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். கணக்கைச் சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். குதிரையை 2,000 பங்காகப் பிரித்து விற்றார்கள், அதில் என்னுடையது இரண்டு. ரேஸுக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனத்தில் வளர்ந்த குதிரை ஏறத்தாழ 500 கிலோ நிற்கும், ஆகவே எனக்குச் சொந்தமானது அரைக் கிலோ. மீன் சந்தையில் அரைக் கிலோ கேட்டால் கடைக்காரன் நிமிர்ந்தும் பார்க்கமாட்டான்.

காசு கட்டியது நானில்லை. மாமாவின் மகன் இருபது வருடமாக மெல்பேர்னில் இருக்கிறான். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, 2023 மார்ச்சில், போன் எடுத்து "மச்சான், உனக்கொரு குதிரை வாங்கியிருக்கிறன்" என்றான். நான் ஏதோ அலங்காரப் பொம்மை என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது, வாழ்க்கையில் நான் கிட்ட நின்று பார்த்த குதிரை என்றால் வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறி வரும் மரக்குதிரை வாகனம்தான். இந்த ஊரில் ரோட்டில் நடந்து திரிவது மான், கோட்டைக்குள் போனால் மான், சில நாள் கடை வாசலில் காட்போட் பெட்டி தின்றுகொண்டு நிற்பதும் மான். உயிருள்ள குதிரை என்றால் நெடுந்தீவுக்குப் போகவேண்டும், அல்லது ஏப்ரலில் நுவரெலியாவுக்கு.

மச்சான் பத்துப் பங்கு எடுத்து அதில் இரண்டை என் பெயர் சொல்லி ஒதுக்கியிருந்தான். ஒரு பங்கு 110 டொலர். இரண்டு பங்கு 220, அன்றைய கணக்கில் 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காசுக்கு வேறு என்னென்ன வாங்கித் தந்திருக்கலாம் என்று என் மனைவியிடம் ஒரு நீண்ட பட்டியல் உண்டு.

பங்கை விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை, குதிரையின் பதிவுப் பெயரையும் எழுதப்போவதில்லை, ஒன்றைத் தேடினால் மற்றது வந்துவிடும். நான் குறையும் சொல்லப்போகிறேன், பத்திரம் மச்சான் பெயரில் இருக்கிறது, அவனுக்கு வில்லங்கம் வேண்டாம். குதிரைக்கு இடது பின்னங்கால் மட்டும் முழங்கால் வரை வெள்ளை. எங்கள் வீட்டில் அதன் பெயர் வெள்ளைக்காலன். அதே போதும்.

முதலில் இது என்ன சேவை என்று சொல்லவேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்கிறார்கள். குதிரையில் பங்கு எடுப்பதில் இரண்டு வகை. பழைய வகையில் ஒரு குதிரையை இருபது பேரோ நாற்பது பேரோ சேர்ந்து வாங்குவார்கள், உங்கள் பெயர் பதிவிலேயே வரும், அதோடு மாதா மாதம் பில்லும் வரும். அவுஸ்திரேலியாவில் ஒரு குதிரையை ட்ரெய்னரிடம் விட்டால் நாளொன்றுக்கு 100 டொலருக்கு மேல் போகும், மிருக வைத்தியர், லாடம் அடிப்பவர், லொறி எல்லாம் தனி. புதிய வகையில் ஆயிரக்கணக்கில் துண்டு போட்டு, பராமரிப்புச் செலவையும் முதலிலேயே விலைக்குள் சேர்த்து விற்றுவிடுவார்கள். பிறகு பில் கிடையாது. ஆனால் கையெழுத்து வைக்குமுன் பத்திரத்தைப் படித்தால் தெரியும், உங்களுக்குச் சொந்தமாவது குதிரையில்லை, குதிரையை வைத்திருக்கும் கம்பனியின் ஒரு துணுக்கு. பெரும்பாலும் அப்படித்தான். நம்முடையதும் இந்த இரண்டாம் வகை.

எனக்கு இது கரைவலைக் கணக்கு மாதிரியே விளங்கியது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ விடியப்புறம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வலையும் தோணியும் சம்மாட்டியுடையது, இழுக்கிறவனுக்குப் பங்கு, செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு. வலையின் மடி கரைக்கு வந்ததும் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். உள்ளே சூடையோ கீரியோ சாளையோ, வெறும் சொறியோ, எல்லோர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரியும். சம்மாட்டி ஒளிக்க இடமில்லை, மணலில் அல்லவா கொட்டிக் கிடக்கிறது. வலை கிழிந்தால் முதலில் சத்தம் போடுகிறவனும் அவன்தான். குதிரைப் பங்கில் மடி வந்து விழும் கரை எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. உள்ளே என்ன வந்தது என்பதை அவர்கள் எழுதினால்தான் நமக்குத் தெரியும். அதனால் இந்தச் சேவையில் உண்மையில் வாங்குவது செய்திதான், குதிரை அதற்கு ஒரு சாட்டு. செய்தி எப்படி வந்தது என்பதை வைத்துத்தான் இந்த விமர்சனம்.

முதல் ஒன்றரை வருடம் செய்தி அருமையாக வந்தது, அதை மறைக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் மின்னஞ்சல், மச்சான் அதை வட்ஸ்அப்பில் தட்டிவிடுவான், பின்னேரம் கடை பூட்டிய பிறகு மகள் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். மாதத்தில் ஒன்றிரண்டு வீடியோ. முதல் வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. பனிப்புகார், வேலி, ஒரு பெண்பிள்ளை கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வருகிறாள், குட்டி அவளுடைய தொப்பியைக் கடிக்கப் பார்க்கிறது, அவள் முழங்கையால் தள்ளுகிறாள், அது ஒன்றும் நடக்காத மாதிரி மற்றப் பக்கம் பார்க்கிறது. மூச்சு விடும்போது மூக்கிலிருந்து புகை. இந்த ஊர் வெக்கையில் விசிறியடியில் உட்கார்ந்து அதைப் பார்த்த என் அம்மா "ஐயோ, பிள்ளைக்குக் குளிருது" என்றார். அன்றிலிருந்து வெள்ளைக்காலன் எங்கள் வீட்டுப் பிள்ளை.

கடிதங்களில் படிக்கப் படிக்க விஷயம் இருந்தது. அவுஸ்திரேலியாவில் எந்தத் தரோபிரெட் எந்த நாள் பிறந்தாலும் அதற்கு வயது ஏறுவது ஆகஸ்ட் 1-இல், வடக்கு அரைக்கோளத்தில் ஜனவரி 1-இல். மகள் இதை வாசித்ததும் அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "எங்கட ஆக்களுக்கும் அப்பிடித்தானே, பள்ளிக்கூடத்தில வாத்தியார் போட்ட திகதிதானே பிறந்தநாள்" என்றார். உலகத்தில் இருக்கும் தரோபிரெட் எல்லாவற்றுக்கும் ஆண்வழியில் பின்னால் போனால் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மூன்றே மூன்று குதிரைகள்தான் வந்து நிற்கும் என்றும், செயற்கைக் கருவூட்டலில் பிறந்தால் அந்தக் குட்டியைத் தரோபிரெட்டாகப் பதியவே மாட்டார்கள் என்றும் ஒரு கடிதத்தில் இருந்தது. கோத்திரம் பார்ப்பதில் நம் ஆட்களையே தோற்கடித்துவிட்டார்கள் என்று மச்சானுக்கு எழுதினேன்.

பெயர் வைப்பதற்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். இடைவெளியோடு சேர்த்து 18 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். மச்சான் 'திருக்கோணமலை' என்று எழுதிப் போட்டான், ஆங்கிலத்தில் 14 எழுத்துத்தான், தாராளமாக இடம் இருந்தது. நாங்கள் குடும்பத்தோடு மூன்று நாள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். வென்றது வேறொன்று. வாயில் நுழையும் பெயர்தான், ஆனால் சப்பென்றிருக்கும். வர்ணனையாளர் திருக்கோணமலையைக் கடைசி இருநூறு மீற்றரில் எப்படி உச்சரித்திருப்பார் என்பதை இனிக் கேட்கவே முடியாது.

2023 கடைசியில் முன்கால் எலும்பில் நோ வந்தது. இளம் குதிரைகளுக்கு வேகமாக ஓடப் பழக்கும்போது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு சுமைக்கு ஏற்ப இறுகும்வரைக்கும் இப்படி வலிக்குமாம், இரண்டு வயதுக் குதிரைகளில் சாதாரணம். அப்போது அவர்கள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. புதன்கிழமை பயிற்சியில் ஓடியது, வியாழன் காலை காலைத் தொட்டால் இழுக்கிறது, வெள்ளிக்கிழமை நமக்குச் செய்தி. ட்ரெய்னரே குரல்பதிவு போட்டார். எட்டு வாரம் புல்வெளிக்கு அனுப்புகிறேன், அவசரப்படுத்தமாட்டேன், கேள்வி இருந்தால் கேளுங்கள். மச்சான் என் சார்பில் ஒரு கேள்வி கேட்டான், மூன்று நாளில் பதில் வந்தது. இதற்கு நான் அன்றைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

முதல் ஓட்டம் 2024 செப்டெம்பர். மூன்று வயது. மெல்பேர்னுக்கு வெளியே ஒரு நாட்டுப்புறத் திடல், இன்னும் ஒருமுறையும் வெல்லாத குதிரைகளுக்கான மெய்டன் ரேஸ், 1,200 மீற்றர். அங்கே மத்தியானம், இங்கே காலை எட்டரை, கடை திறந்த நேரம். திடலின் ஈரத்துக்கும் ஒரு இலக்கம் உண்டு. 1 என்றால் கல் மாதிரி, 10 என்றால் சேறு. அன்றைக்கு 6. ஐந்தாவதாக வந்தது. ஐந்தாமிடத்துக்கும் காசு உண்டு, அதில் ட்ரெய்னருக்கு நூற்றுக்குப் பத்து, ஏறி ஓட்டும் ஜொக்கிக்கு ஐந்து போக, என் இரண்டு பங்குக்கு வந்தது 85 சதம். நம் காசில் 170 ரூபாய். பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும். அதை உண்மையிலேயே வாங்கிச் சாப்பிட்டேன், குதிரை உழைத்துத் தந்த வடை என்று சொல்லிச் சொல்லி.

பக்கத்தில் ஒரு ஐயா இருக்கிறார். நாற்பது வருடமாகப் புக்கியில் இங்கிலாந்து ரேஸுக்குக் காசு கட்டுகிறவர், கொழும்பு ரேஸ்கோர்ஸில் குதிரை ஓடிய காலத்தைத் தன் தகப்பன் வாயால் கேட்டவர். இப்போது அந்த இடத்தில் றக்பி மைதானமும் கடைத்தொகுதியும் என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குத் தொண்டை கட்டும். நான் பங்குக்காரன் ஆனதிலிருந்து அவருக்கு என்னில் ஒரு மரியாதையும் ஒரு இளக்காரமும். "தம்பி, நாங்கள் தோத்தா அண்டைக்கே தெரியும், நூறு ரூபாயோட முடியும். சொந்தக்காரனுக்குத்தான் எல்லாம் கடைசியாத் தெரிய வரும்" என்றார். அன்றைக்கு அதை வயிற்றெரிச்சல் என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் வென்றது. மூன்றாவது ஓட்டம், 1,400 மீற்றர். வடகீழ்ப் பருவம், கடல் கொந்தளிப்பு, தோணிகள் எல்லாம் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள், எஞ்சின் சாமான் வாங்க ஒரு குருவியும் வராத காலம். மழை கொட்டுகிறது, கரண்ட் போய்விட்டது, வைபையும் அதோடு போனது, போன் டேட்டாவில் பார்க்கிறோம். நான், ஐயா, கடைப் பையன், மழைக்கு ஒதுங்கிய ஒரு ஓட்டோக்காரர். ஒன்பதாம் இலக்கக் கதவிலிருந்து புறப்பட்டதால் உள்வட்டத்தில் இடம் கிடைக்கவில்லை, வளைவு முழுக்க வெளிவட்டத்தில் காற்றை வாங்கிக்கொண்டே ஓடியது. "செத்துது, வெளியால ஓடுது" என்றார் ஐயா. நேர் ஓட்டத்துக்குத் திரும்பியபோது எட்டாவது. அந்த நேரம் பார்த்துப் படம் நின்றது. வட்டம் சுற்றுகிறது. வர்ணனையாளரின் குரல் மட்டும் துண்டு துண்டாக வருகிறது, அதில் எங்கள் குதிரையின் பெயர் ஒருமுறை, பிறகு இன்னொருமுறை, பிறகு கத்தலாக. படம் திரும்பி வந்தபோது கோட்டைக் கடந்து முடிந்திருந்தது, ஜொக்கி சேணத்தில் எழும்பி நிற்கிறார். கழுத்தளவு வித்தியாசத்தில் முதலிடம். ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கினார், யாரென்றே தெரியாத ஓட்டோக்காரர் என்னைக் கட்டிப் பிடித்தார். என் பங்கு 17 டொலர், 3,400 ரூபாய். ஒரு கிலோ அறுக்குளா வாங்கினேன். மனைவி அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை, குழம்பு வைத்தாள்.

அந்த வெற்றிக்குப் பிறகு நிறுவனத்தின் செய்தி பெருகியது பாருங்கள், ஒரே நாளில் நாலு மின்னஞ்சல், ட்ரோனில் எடுத்த வீடியோ, ஜொக்கியின் பேட்டி, வெற்றிப் படம் சட்டம் போட்டு 95 டொலர், தொப்பி 40 டொலர். கூடவே வழமையான கதைகளும். 2020 கென்டக்கி டேர்பியில் வென்ற ஓதென்டிக் குதிரையில் 5,000-க்கும் மேற்பட்ட சிறு பங்குக்காரர் இருந்தார்கள். வேல்ஸில் ஒரு கிராமத்து மதுக்கடையில் வேலை செய்த பெண்ணும் அயலவர்களும் வாரம் பத்துப் பவுண் போட்டு வளர்த்த ட்ரீம் அலையன்ஸ் 2009-இல் வெல்ஷ் நஷனலை வென்றது. 2015 மெல்பேர்ன் கப்பில் ஒன்றுக்கு நூறு தருவோம் என்ற பந்தய விலையிலும் யாரும் சீண்டாத பிரின்ஸ் ஒஃப் பென்சான்ஸ் வென்றது, ஏறி ஓட்டியவர் மிஷெல் பெயின், அந்தக் கப்பை வென்ற முதல் பெண் ஜொக்கி. எல்லாம் உண்மை, வாசிக்கும்போது எனக்கே மயிர் சிலிர்த்தது. ஆனால் லொத்தர் விழுந்தவனின் படத்தை லொத்தர்க் கடையில்தான் ஒட்டுவார்கள். பெரும்பாலான ரேஸ் குதிரைகள் போட்ட காசைத் திருப்பித் தருவதில்லை, அதை மின்னஞ்சலின் அடியில், மகள் விரலால் பெரிதாக்கிப் பார்க்கவேண்டிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இனி குறை.

2025 ஜனவரி நடுப்பகுதியில் ஒரு ஓட்டம் இருந்தது. முதல்நாள் பட்டியலில் பெயர் இருந்தது, காலையில் போனைத் திறந்தால் பெயருக்கு மேல் கோடு. விலக்கிவிட்டார்கள். காரணம் இல்லை. சரி, வெள்ளிக்கிழமை சொல்லுவார்கள் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தில் எங்கள் குதிரையைப் பற்றி ஒரேயொரு வரி, "காலில் சிறிது சூடு, முன்னெச்சரிக்கையாக ஓய்வு". அடுத்த வெள்ளி அந்த வரியும் இல்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. ஆனால் மின்னஞ்சல் நிற்கவில்லை, அதுதான் கோபம். ஜனவரியில் கோல்ட் கோஸ்டில் பெரிய குட்டி ஏலம் நடக்கும், அங்கே வாங்கிய புதுக் குட்டிகளின் படம் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது, இது அந்தத் தகப்பனின் பிள்ளை, அது இந்தத் தாயின் பிள்ளை, முதல் வாரத்தில் எடுத்தால் பத்து வீதம் கழிவு. என் பிள்ளை எங்கே என்று மச்சான் நிறுவனத்தின் செயலியில் இரண்டுதரம் எழுதிக் கேட்டான், "உங்கள் செய்தி கிடைத்தது" என்று இயந்திரம் பதில் சொன்னது. அம்மா ஒவ்வொரு வெள்ளியும் கேட்பார். மகள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள், குதிரை புல்லுத் தின்னுது அப்பம்மா என்று. அம்மா நம்பவில்லை என்பது அவர் அதற்குமேல் கேட்காததிலேயே தெரிந்தது.

26 நாள். நான் கலண்டரில் புள்ளி போட்டு எண்ணினேன். கடைசியில் மச்சான் வேலைக்கு லீவு போட்டு லாயத்துக்கே போய்க் கேட்டான். அங்கே வேலை செய்கிற பிள்ளை, அந்தத் தொப்பிக்காரப் பெண்தான் என்று நினைக்கிறேன், இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முன்காலின் பின்பக்கத் தசைநார் கிழிந்திருக்கிறது, விலக்கிய அன்றைக்கே ஸ்கான் எடுத்துவிட்டார்கள், அன்றைக்கே தெரியும். குதிரை தன் பாரத்தில் நூற்றுக்கு அறுபதை முன்னங்காலில் தாங்குவது, அந்தத் தசைநார் போனால் ஒரு வருட ஓய்வு, ஓய்வுக்குப் பிறகும் பழையபடி ஓடும் என்று யாரும் வாக்குத் தரமுடியாது. ட்ரெய்னர் அன்றைக்கே குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். அதை நமக்கு அனுப்பாமல் வைத்திருந்தது பங்கு விற்கிற ஒபீஸ்.

ஏன் என்று எனக்கு விளங்காமலில்லை. நானும் கடைக்காரன். குட்டி விற்கும் சீசனில், பங்குக்காரர் எல்லோரும் ஒரே செயலியில் இருக்கும்போது, தசைநார் கிழிந்த குதிரையின் ஸ்கானை யார் போடுவான். ஆனால் நான் பழைய சாமானைப் புதிது என்று விற்றால் அந்த எஞ்சின் நடுக்கடலில் நிற்கும், நிற்கும்போது அந்தத் தோணிக்காரன் என் பெயரைச் சொல்லித் திட்டுவான், அடுத்த நாள் கடை வாசலில் வந்து நிற்பான். இவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. எந்தப் பங்குக்காரன் வாசலுக்கு வரப்போகிறான், அதுவும் திருகோணமலையிலிருந்து. ஐயாவிடம் சொன்னேன். அவர் "நான் சொன்னனான்தானே" என்று சொல்லவில்லை, அது பெரிய மனம். தன் பிளேன்டீயில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார்.

மச்சான் நேரில் போன மறுநாள் எல்லோருக்கும் நீண்ட மின்னஞ்சல் வந்தது. ஸ்கான் படம், வைத்தியரின் குறிப்பு, மன்னிப்பு ஒன்று. மன்னிப்பில் "தாமதத்தால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு" என்று இருந்தது, தண்ணீர் வெட்டு அறிவித்தலில் வருகிற மாதிரி. ஜூலையில் ரேஸிலிருந்தே ஓய்வு கொடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். இதில் ஒரு விஷயத்தைப் பாராட்டவேண்டும், ஓய்வுபெற்ற குதிரை எங்கே போகிறது என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள். ரேஸை விட்ட தரோபிரெட்டுகளைச் சவாரிக்குப் பழக்கி வேறு வேலைக்குக் கொடுக்க மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் முறையான ஏற்பாடுகள் உண்டு. வெள்ளைக்காலன் ஒரு பண்ணையில் பிள்ளைகளுக்குச் சவாரி பழக்கும் வேலைக்குத் தயாராகிறான், வேகம் கூடாது, துள்ளக்கூடாது, தொப்பி கடிக்கக்கூடாது. கடைசியைப் பழக்கிவிட்டார்களா என்று தெரியாது.

கணக்கைச் சரியாக முடித்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். வென்ற காசில் மிச்சம், பராமரிப்புக்கு எடுத்து வைத்ததில் மிச்சம், எல்லாம் சேர்த்து என் இரண்டு பங்குக்கு 11 டொலர் சொச்சம் வந்தது. ஓடிய காலத்தில் வந்தது எல்லாம் கூட்டினாலும் போட்ட 220-இல் ஆறில் ஒன்றுகூட இல்லை. காசு வரும் என்று எடுக்கிறவர்கள் எடுக்காதீர்கள், அந்தக் காசைச் சீட்டில் போடுங்கள். செயலி நன்றாக வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாகத் திறக்கும். தொப்பியும் படமும் அநியாய விலை. லாயத்தைப் பார்க்க வருடத்தில் இரண்டு நாள் விடுகிறார்கள், மச்சானின் பிள்ளைகள் போய் வெள்ளைக்காலனுக்குக் கரட் கொடுத்த வீடியோ இருக்கிறது, அதற்கு நான் குறை சொல்லமாட்டேன். அங்கேயே இருக்கிறவர்களுக்கு இந்தச் சேவை ஒரு மாதிரி, தூரத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு மாதிரி. முன்கால் எலும்பு நோவைச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமைக்கு ஐந்து கொடுத்தேன். அந்த 26 நாளுக்கு நட்சத்திரம் இல்லை. நடுவில் எங்கேயாவது போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த குட்டியில் பங்கு எடுக்கவா என்று மச்சான் கேட்கிறான். அதே நிறுவனத்தில் வேண்டாம் என்றேன். வேறு நிறுவனம் என்றால் முதலில் அவர்களிடம் இருக்கும் காலொடிந்த குதிரைகளைப் பற்றிய பழைய கடிதங்களைக் கேட்டு வாங்கு, எந்தத் திகதியில் விபத்து, எந்தத் திகதியில் கடிதம் என்று பார், வென்ற குதிரைகளின் வீடியோ எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பத்திரத்தில் குதிரையை என்ன விலைக்கு வாங்கினார்கள், நமக்கு என்ன விலைக்குத் துண்டு போட்டார்கள் என்ற பக்கத்தையும் படி என்றேன், முதல்முறை நாங்கள் இருவரும் அதைப் படிக்கவில்லை. "நீ பெரிய ஓனர் மாதிரிக் கதைக்கிறாய்" என்றான்.

போன மாதம் அவன் ஊருக்கு வந்தபோது 11 டொலரை ரூபாயாகத் தந்தான், அதோடு ஒரு சின்னப் பொதி. உள்ளே லாடம். வென்ற அன்றைக்குப் போட்டிருந்த நாலில் ஒன்று, அந்தத் தொப்பிக்காரப் பிள்ளை சும்மா கொடுத்தாளாம். நான் இரும்பு என்று நினைத்துக் கையை இறக்கிப் பிடித்தேன், கடுதாசி மாதிரி இருந்தது. ரேஸுக்கு அடிப்பது அலுமினியம். தராசில் போட்டுப் பார்த்தேன், நூறு கிராம் பக்கம். ஒரு ஓரம் தேய்ந்து கத்தி மாதிரி, ஆணி ஓட்டை ஒன்றில் இன்னும் காய்ந்த மண் அடைந்து கிடந்தது. நல்லதுதான், உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காது. இம்பெல்லர்களும் ஸ்பார்க் பிளக்கும் தொங்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன்.

மறுநாள் நிலாவெளிப் பக்கமிருந்து வந்த பொடியன் ஒருவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணை, இது நாற்பது குதிரை எஞ்சினுக்குச் சரிவருமா?"